ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான நீட்ஸ் அசெஸ்மென்ட்: "அவனால் முடியும்" என்று சொல்வதற்கு முன்

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். 18 வயது தாண்டிய, ஆட்டிசம் உள்ள மகனோ மகளோ தம்பியோ அக்காவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய அன்றாட வாழ்க்கைக்கு என்ன உதவி தேவை என்று கவுன்சில் வந்து பார்க்க வேண்டும். இதற்குத்தான் நீட்ஸ் அசெஸ்மென்ட் என்று பெயர், கேர் ஆக்ட் என்ற 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இதைக் கவுன்சிலின் கடமையாக்குகிறது. ஒருவருக்கு உதவி தேவைப்படலாம் என்று தெரிந்தாலே போதும். சேமிப்பு எவ்வளவு இருக்கிறது, பிரச்சினை பெரிதா சிறிதா என்று போனிலேயே விசாரித்துவிட்டு அசெஸ்மென்டை மறுக்கக் கூடாது. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் சட்டங்கள் வேறு, இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

டாக்டர் எழுதிய டயக்னோசிஸ் கடிதம் இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டாலும் கேட்கலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஐக்யூ அதிகம், டிகிரி வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் மறுப்பதற்குக் காரணமாகாது என்று ஆட்டிசம் பற்றிய அரசு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. நம் வீடுகளிலும் ஏ லெவலில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு எதற்கு உதவி என்றுதான் நினைக்கிறோம். அந்தப் பிள்ளை தனியாக இருந்தால் மூன்று வேளையும் சாப்பிடுமா என்று யாரும் கேட்பதில்லை.

அசெஸ்மென்டில் 10 விஷயங்களைப் பார்ப்பார்கள். சமைத்துச் சாப்பிடுவது, குளித்துச் சுத்தமாக இருப்பது, கழிப்பறைத் தேவைகள், நேரத்துக்கும் குளிருக்கும் ஏற்ற உடை, வீட்டுக்குள் ஆபத்தில்லாமல் நடமாடுவது, வீட்டை வாழக்கூடிய நிலையில் வைத்திருப்பது, உறவும் நட்பும், வேலை அல்லது படிப்பு, பஸ் ரயில் கடை போன்ற ஊர் வசதிகளைப் பயன்படுத்துவது, பிள்ளை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்வது. இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ அவரால் முடியவில்லை, அதற்குக் காரணம் உடல் அல்லது மனம் சார்ந்த குறைபாடோ நோயோதான், அதனால் அவர் நலவாழ்வு குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படுகிறது என்றால் அவர் கவுன்சிலின் உதவிக்குத் தகுதி பெறுகிறார்.

இதில் "முடியவில்லை" என்பதற்குச் சட்டம் தரும் பொருள் நாம் நினைப்பதைவிட ரொம்ப அகலமானது, பல குடும்பங்கள் இதைத் தெரியாமலே அசெஸ்மென்டில் தோற்றுப்போகின்றன என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். உதவி இல்லாமல் செய்யவே முடியாதது ஒரு வகை. யாராவது "குளிச்சிட்டியா, பல் தேய்ச்சிட்டியா" என்று நினைவூட்டினால்தான் நடக்கிறது என்றால் அதுவும் உதவிதான். தனியாகச் செய்துவிடுவார், ஆனால் கடுமையான வலியோ மன உளைச்சலோ பதற்றமோ வருகிறது என்றால் அதுவும் முடியவில்லை என்றே கணக்கு. பஸ்ஸில் போய் வந்துவிடுவார், வந்தபின் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வர மாட்டார் என்றால் அதைச் சொல்ல வேண்டும். அடுப்பை அணைக்க மறந்துபோவது போல ஆபத்து இருந்தாலும் அப்படியே. மற்றவர்களைவிட மிக அதிக நேரம் எடுத்தாலும் அப்படியே, குளிக்கக் கிளம்பவே ஒரு காலைப்பொழுது போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, அம்மாமார் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். தகுதியைத் தீர்மானிக்கும்போது வீட்டார் செய்யும் உதவியைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் சமைத்துப் போடுகிறீர்கள், துணி எடுத்து வைக்கிறீர்கள், கடிதங்களைப் படித்துப் பதில் போடுகிறீர்கள், அதனால் அவருக்குத் தேவையே இல்லை என்று எழுத முடியாது. எனவே "நாங்க பாத்துக்கிறோம், பிரச்சினை இல்லை" என்று மரியாதைக்காகச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் ஒரு வாரம் வீட்டில் இல்லை என்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். அப்புறம் திட்டம் போடும் கட்டத்தில், எதையெல்லாம் தொடர்ந்து செய்ய உங்களுக்கு விருப்பமும் தெம்பும் இருக்கிறதோ அதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம், கட்டாயம் எதுவும் இல்லை.

அசெஸ்மென்டுக்கு வருபவர் பார்ப்பது ஒரு மணி நேரம், அதுவும் பெரும்பாலும் நல்ல நாளில். ஆட்டிசம் உள்ள பலர் புதியவர் முன்னால் தங்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ஆமாம், செய்வேன்" என்று சொல்லிவிடுவார்கள். நிலைமை நாளுக்கு நாள் மாறும் என்றால் போதுமான கால அளவை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி, ஆகவே முன்கூட்டியே ஒரு நோட்டில் நல்ல நாள், மோசமான நாள் இரண்டையும் எழுதி வைத்துக் கொடுங்கள். அசெஸ்மென்ட் செய்பவருக்கு ஆட்டிசம் பற்றிய பயிற்சி இருக்க வேண்டும், இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். கேள்விகளை முன்னதாக எழுத்தில் அனுப்பச் சொல்லலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள், அசெஸ்மென்ட் யாருக்கோ அவரையே மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். விஷயங்களைப் புரிந்துகொண்டு பேச அவருக்கு மிகவும் சிரமம், துணைக்குப் பொருத்தமான ஆளும் இல்லை என்றால், அவர் பக்கம் பேச ஒரு சுயாதீன அட்வகேட்டை (வக்கீல் அல்ல, அவருக்காகப் பேசும் துணையாளர்) கவுன்சில் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பணம் பற்றிய கேள்வி இதற்கெல்லாம் பிறகுதான் வரும். பார்ப்பது அவருடைய வருமானத்தையும் சேமிப்பையும் மட்டும், பெற்றோருடையதை அல்ல. அவர் பெயரில் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் செலவை அவரே ஏற்க வேண்டியிருக்கும். பிப் (பர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமென்ட்) வேறு, அது நோயோ குறைபாடோ உள்ளவர்களுக்கு மத்திய அரசின் டிடபிள்யூபி துறை தரும் உதவித்தொகை, அதில் புள்ளி கிடைக்கவில்லை என்பதால் கவுன்சில் கதவு மூடிவிடாது. பார்த்துக்கொள்பவருக்குத் தனியாக கேரர் அசெஸ்மென்டும் உண்டு, அதையும் சேர்த்தே கேளுங்கள்.

முடிவு எதுவானாலும் எழுத்தில் வர வேண்டும், தகுதி இல்லை என்றால் காரணத்தோடு. அந்தக் காகிதத்தை 10 விஷயங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள், நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் திருத்தச் சொல்லி எழுதுங்கள். ஒத்துவரவில்லை என்றால் முதலில் கவுன்சிலிடமே புகார், அதற்குப் பிறகு கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷல் கேர் ஓம்பட்ஸ்மன். அங்கே போக வக்கீலும் தேவையில்லை, கட்டணமும் இல்லை.