ஸ்டேல்மேட்: தமிழில் முடக்கம்

ஓர் ஓபன் சதுரங்கப் போட்டியில் பக்கத்துப் பலகையில் பார்த்தது. கறுப்புக்கு மிஞ்சியது ஏ8 மூலையில் நின்ற ராஜா மட்டும். வெள்ளையிடம் ராஜாவும் ராணியும். கடிகாரத்தில் நேரம் குறைந்த அவசரத்தில், வெள்ளை ஆடியவர் ராணியைக் கொண்டுபோய் பி6இல் வைத்தார். செக் இல்லை, அதாவது ராஜா நேரடித் தாக்குதலில் இல்லை. ஆனால் ஏ7, பி7, பி8 மூன்று கட்டங்களையும் ராணி அடைத்துவிட்டது. நடுவர் வந்து பார்த்தார். இரண்டு தாளிலும் அரைப் புள்ளி ஏறியது.

ஆட வேண்டியது நம் முறை, ராஜாவுக்குச் செக் இல்லை, விதிப்படி ஆட ஒரு நகர்வும் இல்லை. இதுதான் ஸ்டேல்மேட். டிராவும் இதுவும் ஒன்றல்ல. டிரா என்பது முடிவு; ஸ்டேல்மேட் அந்த முடிவுக்குப் போகும் ஒரு வழி. இருவரும் பேசி ஒத்துக்கொள்வதும், ஒரே நிலை மூன்று முறை வருவதும் வேறு வழிகள்.

சொல்லின் கதைக்கு வருவோம். 'மேட்' என்பது செக்கிலிருந்து ராஜா தப்ப வழியில்லாமல் தோற்கும் நிலை; அந்தச் சொல் பாரசீகத்து 'ஷா மாத்'திலிருந்து வந்தது. ராஜா செயலற்றுப்போனார் என்று பொருள். 'ஸ்டேல்' என்பதை நிற்கும் இடத்தைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் முதலில் வெறும் 'ஸ்டேல்'தான் இருந்தது; 'மேட்' பிறகு ஒட்டிக்கொண்டது. மேட் நடக்காத நிலைக்கு மேட் என்று பெயர்! அதைவிட வியப்பு, 17ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் ஆரம்பம் வரை இங்கிலாந்தில் இருந்த விதி: எதிராளியை இப்படி அடைத்தவருக்கே தோல்வி. அந்த விதி இன்று இருந்திருந்தால், நான் பார்த்த ஆட்டத்தில் கறுப்புக்கு முழுப் புள்ளி.

சரி, தமிழில்? டிராவுக்குச் 'சமன்' நன்றாகவே பொருந்துகிறது. ஸ்டேல்மேட்டுக்கு 'இழுபறி' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இழுபறி என்றால் இரு பக்கமும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே ஆட்டமே முடிந்துவிட்டது. 'முட்டுக்கட்டை' பேச்சுவார்த்தைக்குச் சரி, பலகைக்கு ஒட்டவில்லை. நான் சொல்வது 'முடக்கம்'. அடி விழவில்லை, ஆனால் அசைய வழியில்லை. அதைத்தானே முடங்கிக் கிடக்கிறான் என்கிறோம்? 'முடக்கத்தால் ஆட்டம் சமன்' என்று எழுதினால் வழியும் முடிவும் தனித்தனியாகத் தெரிகின்றன.

வகுப்பில் சொல்லித் தரவும் வசதி: "மூலையில் தனி ராஜா நின்றால், குதிரை தாவும் தூரத்தில் ராணியை வைக்காதே, ராஜா முடங்கிவிடுவார்."