ஆதாரமா, சான்றா?

போன மாதம் ஈறில் லேசாக ரத்தம் கசிகிறதென்று ஒரு பல் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். காத்திருந்தபோது மேசையில் கிடந்த தமிழ்த் துண்டறிக்கையை எடுத்துப் படித்தால், முதல் வரியே 'இங்கு ஆதார அடிப்படையிலான பல் மருத்துவம் வழங்கப்படுகிறது' என்றிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, ஆதார் கார்டு கேப்பாங்களா? நான் எடுத்துட்டு வரலியே" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதியவரைத்தான் சொல்ல வேண்டும்.

எவிடென்ஸ் பேஸ்டு டென்டிஸ்ட்ரி என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். எவிடென்ஸ் லத்தீன் வழி வந்த சொல், கண்ணுக்கு வெளிப்படையாகத் தெரிவது என்று பொருள். அது மருத்துவத்தோடு ஒட்டிக்கொண்டது 1990களின் தொடக்கத்தில், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து மருத்துவர் கார்டன் கயாட்டின் கைவண்ணத்தில். பிறகு பல் மருத்துவர்களும் எடுத்துக்கொண்டார்கள். இருக்கிற ஆய்வுகளில் தரமானவை என்ன சொல்கின்றன, மருத்துவரின் கைப்பழக்கம் என்ன சொல்கிறது, நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு என்ன வேண்டும், இந்த மூன்றையும் சேர்த்து வைத்து முடிவெடுப்பது என்று பொருள். அவ்வளவுதான்.

இப்போது 'ஆதார அடிப்படையிலான' என்பதைப் பார்ப்போம். ஆதாரம் என்ற வடசொல்லுக்குப் பொருளே அடிப்படை, தாங்கி நிற்பது. அப்படியானால் இந்தத் தொடர் 'அடிப்படை அடிப்படையிலான' மருத்துவம்! நடுச் சென்டர் என்கிற மாதிரி. இருந்தும், கூறியது கூறல்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. வருத்தம் வேறு. ஆதாரம் தமிழில் இருக்கும் அல்லது இருக்காது, அரைகுறையாக இருக்காது. 'ஆதாரமற்ற குற்றச்சாட்டு' என்றால் பொய்க் குற்றச்சாட்டு என்றுதான் நம் காதில் விழுகிறது. மருத்துவ ஆய்வு இப்படி இரண்டில் ஒன்றாகப் பேசுவதில்லை.

ஒரு நடப்பைச் சொல்கிறேன். ஃபிளாஸ் என்கிற பல்லிடுக்கு நூலைப் பற்றிய பரிந்துரை அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டு நெறிகளில் இல்லாமல் போனதை 2016 ஆகஸ்டில் ஒரு செய்தி நிறுவனம் எழுதியது. ஆய்வுகள் வலுவற்றவை என்பதே செய்தியின் சாரம். அதைத் தமிழில் 'நூல் விடுவதால் பயன் என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் நூலைத் தூக்கி எறிந்துவிடுவார். நடந்த கதையோ, நீண்ட நாள் நடத்திய நல்ல ஆய்வுகள் இல்லை என்பதுதான். 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று, பல் துலக்குவதோடு நூலும் விட்டால் ஈறு வீக்கம் குறையக்கூடும் என்றது, ஆனால் இது உறுதி குறைந்த சான்று என்றும் கூடவே சொன்னது. பாருங்கள், 'உறுதி குறைந்த சான்று' என்று எழுதும்போது எனக்குத் தடங்கலே இல்லை. 'உறுதி குறைந்த ஆதாரம்' என்றால் நாக்கு தட்டுகிறது.

சான்று என்ற சொல்லைச் 'சால்' என்னும் அடியோடு சேர்த்துச் சொல்வார்கள். சால் என்றால் நிறைதல், போதுமானதாதல். சான்றோர், சான்றாண்மை எல்லாம் அதே குடும்பம். ஆக, போதுமா போதாதா என்ற அளவு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வலுவான சான்று, மெலிந்த சான்று, சான்று போதவில்லை என எல்லாம் சொல்லலாம், ஒன்றும் உறுத்தாது.

சுத்தத் தமிழ் நண்பர் ஒருவர் இன்னும் பழைய சொல் ஒன்றைக் கொண்டுவந்தார்: கரி. உண்மைதான், குறளில் 'இந்திரனே சாலும் கரி' என்று சாட்சி என்ற பொருளில் வருகிறது, பக்கத்திலேயே 'சாலும்' வேறு. ஆனால் 'கரிசார் பல் மருத்துவம்' என்று பலகை வைத்தால் ஊர் என்ன நினைக்கும்? அடுப்புக்கரியால் பல் விளக்கச் சொல்கிறார்கள் என்றுதான். இந்தத் துறையில் மட்டும் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

சான்று என்றால் சான்றிதழ் நினைவு வராதா என்று கேட்டால், வரும். 'சான்று பெற்ற மருத்துவம்' என்று எழுதினால் நிச்சயம் வரும். 'சான்றுசார்' என்றால் வராது. நீளமான 'அடிப்படையிலான'வை விட்டுவிட்டு இந்தச் சின்னச் 'சார்'-ஐப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. எதற்கெடுத்தாலும் 'அடிப்படையிலான' என்று ஒட்டவைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ! தாவர அடிப்படையிலான உணவு, சமூக அடிப்படையிலான திட்டம். மரக்கறி என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடுமா?

இன்னொரு தவறு 'நிரூபிக்கப்பட்ட சிகிச்சை'. பற்பசை விளம்பரத்தில் வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம், மருத்துவக் குறிப்பிலும் வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது, செய்துகொள்வதை எடுத்துக்கொள்வோம். கடுமையான ஈறு நோய் இல்லாத, பல் மருத்துவரிடம் ஒழுங்காகப் போய்வரும் வயதுவந்தவர்களுக்கு, இப்படிக் கால அட்டவணை போட்டுச் சுத்தம் செய்வதால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈறு வீக்கத்தில் வித்தியாசம் ஏதும் இல்லை, இருந்தாலும் மிகக் கொஞ்சம் என்று 2018 காக்ரேன் ஆய்வு சொன்னது. இது உறுதி மிகுந்த சான்று. ஆனால் ஈறு ஏற்கெனவே விலகி எலும்பு கரைந்தவருக்கு இது பொருந்தாது, அவருக்கு ஸ்கேலிங் வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எத்தனை உறுதியோடு என்ற கேள்விகளை 'நிரூபிக்கப்பட்ட' என்ற ஒற்றைச் சொல் விழுங்கிவிடுகிறது.

எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்றுண்டு. ஈறு நோய் மனிதருக்குத் தானாக எப்படி முற்றுகிறது என்று உலகத்துப் பாடநூல்கள் எடுத்துக்காட்டும் சான்று தமிழ் வாய்களிலிருந்து கிடைத்தது. ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரரும் அவர் குழுவினரும் 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் ஈறுகளைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமும் பல் மருத்துவமும் எட்டவில்லை. நோய் ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்கு வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. துலக்காத எல்லோருக்கும் ஒரே கதி என்ற நம்பிக்கையை அசைத்த ஆய்வு அது. இப்படிப்பட்ட சான்றைப் பற்றித் தமிழில் எழுதப் போனால் 'ஆதார அடிப்படையிலான' என்று தடுமாறுகிறோம்.

மொழிபெயர்ப்பு எந்திரங்களைப் பற்றிப் பேசாமலிருப்பதே மேல். கம் டிசீஸ் என்பதைப் 'பசை நோய்' என்று கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன், அதை ஒருவர் திருத்தாமல் அச்சிட்டும் இருந்தார். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் படித்த நாடு இது, ஈறு என்ற சொல்லாவது நினைவிருக்கக் கூடாதா?

சரி, தலைப்புக்கும் அறிக்கைக்கும் 'சான்றுசார் பல் மருத்துவம்' என் தேர்வு. நோயாளியிடம் பேசும்போது அதுகூட வேண்டாம், 'ஆய்வுல என்ன தெரிஞ்சிருக்குன்னு பாத்துதான் செய்றோம்' என்றாலே போதும். அன்று அந்தப் பெரியவரிடம் நான் அப்படித்தான் சொன்னேன். "அத அப்படியே எழுதிருக்கலாமே" என்றார்.