ராகி விளையும் ஊரில் ஹெல்த் மிக்ஸ் பாக்கெட் எதற்கு?

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் மாத மளிகைச் சீட்டையும் எடுத்து வரச் சொல்வேன். தருமபுரியில் இந்தச் சீட்டுகளைப் பார்த்தால் பல நேரம் மனசு கஷ்டப்படும். ஹெல்த் மிக்ஸ், மல்டிகிரெய்ன் பிஸ்கட், ஓட்ஸ், தேன் எல்லாம் இருக்கும். பருப்பு மட்டும் அரை கிலோ. முட்டையும் கீரையும் "இந்த மாசம் முடியல மேடம்" என்பார்கள். பிள்ளைக்குப் போக வேண்டிய புரதத்தின் காசு பாக்கெட்டுக்குப் போய்விடுகிறது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. ராகி பிஸ்கட் என்று பெயர் இருக்கும், பட்டியல் மைதாவிலும் சர்க்கரையிலும் தொடங்கும். 200 கிராம் பாக்கெட் என்றால் விலையை ஐந்தால் பெருக்கி, கிலோ என்ன ஆகிறது என்று பாருங்கள். அதே கடையில் ராகி கிலோ என்ன விலை என்றும் கேளுங்கள்.

ராகியில் 100 கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தோலைத் தனியாக நீக்குவது கடினம் என்பதால் பெரும்பாலும் முழுசாகவே அரைபடுகிறது. முளைகட்டி, காயவைத்து, மில்லில் அரைத்தால் அதுதான் உங்கள் ஹெல்த் மிக்ஸ். 2023-இல் நம் மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். அதை வாங்காமல் விட்டவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் கூழாகக் கரைத்துக் குடிப்பதைக் குறைத்து, அளவான களியோடு கீரைக் கடைசலோ கொள்ளுப் பருப்போ சேர்த்துச் சாப்பிடுங்கள். நாட்டுச் சர்க்கரையும் தேனும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

சரி, ஆர்கானிக்? கையில் இருக்கும் கொஞ்சம் கூடுதல் காசை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. ராகி, சாமை, கொள்ளு போன்ற மானாவாரிப் பயிர்களுக்குப் பூச்சிமருந்து பொதுவாகக் குறைவு. அவற்றுக்கு ஆர்கானிக் முத்திரைக்காக இரட்டை விலை கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. சாமையில் முத்திரையைவிட, தவிடு போகாமல் மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். கீரை, கத்தரி, திராட்சை மாதிரி தோலோடு சாப்பிடுவதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். பாக்கெட்டில் வாங்கினால், ஜைவிக் பாரத் போன்ற, ஆர்கானிக் உணவுக்கான அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நேரடியாக விற்கும் சிறு விவசாயிகளுக்குச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. அதனால் உழவர் சந்தையில் தயங்காமல், "கடைசியா எப்போ மருந்து அடிச்சீங்க?" என்று கேளுங்கள். சந்தையில் இருப்பதெல்லாம் இயற்கை விளைச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே வாங்கினாலும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால், மேலே படிந்த மருந்து ஓரளவு போகும்.

தவிடு நீக்காத சிறுதானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் வைக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையாக வாங்காமல், ஒரு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் வாங்குங்கள்.