“அப்பாவுக்குப் பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கே, டாக்டர்!”

முதியோர் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம். எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவரை மகள் அழைத்து வந்திருந்தார். சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த நாள்களில் பக்கத்து வீடுகளில் யார் யார் இருந்தார்கள் என்று ஐயா வரிசையாகச் சொன்னார். சரி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, பதிலுக்காக மகளைத் திரும்பிப் பார்த்தார். இப்படித் திரும்பிப் பார்ப்பதைத்தான் நாங்கள் கவனிப்போம்.

பழசு நிற்க, புதுசு மட்டும் மறப்பது ஏன்? மூளை செல்களுக்குள் டாவ் என்றொரு புரதம் உண்டு. (சென்னைப் பேச்சில் ‘டாவு’ என்றால் காதல் என்பதால், பெயரைக் கேட்டுச் சென்னைக்காரர்கள் சிரிக்கலாம்.) நரம்பு செல்லின் நீண்ட வாலுக்குள் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன, செல்லுக்கு வேண்டிய சரக்கெல்லாம் அவற்றின் வழியாகத்தான் போகிறது. அந்தக் குழாய்கள் குலையாமல் பிடித்துக்கொள்வது டாவ். அதன்மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறினால் பிடி நழுவும். நழுவிய டாவ் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு செல்லுக்குள்ளேயே சிக்காகிவிடும். 1906இல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துச் சொன்ன நார்ச்சிக்கல்கள் இவைதாம். டாவ் என்ற புரதம் அடையாளம் காணப்பட்டதோ 1975இல்தான்.

அவர் பெயரால் வழங்கும் மறதி நோயான அல்சைமரில் இந்தச் சிக்கு பெரும்பாலும் ஹிப்போகேம்பஸுக்குப் போகும் வாசலில் தொடங்குகிறது. அன்றன்று நடப்பதைப் பதிவு செய்யும் மூளைப் பகுதிதான் ஹிப்போகேம்பஸ். பழைய நினைவுகள் மூளையின் மேற்பரப்பெங்கும் பரவிக் கிடப்பதால் வெகுநாள் தப்பிவிடுகின்றன. பழைய கணக்குப் புத்தகங்கள் அலமாரியில் பத்திரம். புது வரவை எழுதும் கணக்குப்பிள்ளைக்குத்தான் கை விழுந்துவிட்டது. குடும்பமோ அலமாரியைப் பார்த்தே நிம்மதியாகிவிடுகிறது.

எல்லா மறதிக்கும் டாவ் காரணமில்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது மந்தம் எதுவும் இப்படிக் காட்டும். சைவம் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் பி12-ஐ அவசியம் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் இந்த இரண்டு வகையும் ஏராளம். பாலிகிளினிக்கில் ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். குறைவு இருந்தால், சிலருக்கு பி12 ஊசி போட்ட பிறகு நல்ல மாற்றம் தெரியும்.

அதனால் பழைய கதையை வைத்து எடை போடாதீர்கள். நேற்று வந்து போன பேரன் நினைவில் இருக்கிறானா? ஒரே மாத்திரையை இரண்டு முறை போடுகிறாரா? தினம் இறங்கும் எம்ஆர்டி ரயில் நிலையத்தைத் தவறவிடுகிறாரா? அப்படியென்றால் தள்ளிப் போடாதீர்கள். பின்னால் தன்னால் முடியாமல் போனால் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ பத்திரம் எழுத, முடிவெடுக்கும் திறன் இருந்தாக வேண்டும். “அப்பா முன்னால் எப்படி இந்தப் பேச்சை எடுப்பது” என்று இரண்டு வருடம் தயங்கிய குடும்பங்கள், கடைசியில் அந்தப் பத்திரம் இல்லாமல் நீதிமன்றத்துக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

“அடுத்த முறை வரும்போது மாத்திரைப் பெட்டியையும் எடுத்துவாங்கம்மா” என்று மகளிடம் சொன்னேன். அதற்குள் ஐயா செம்பவாங் கதையை முதலிலிருந்து தொடங்கிவிட்டார்.