காற்றில் மிதக்கும் முனை: பழுதான ஹார்டு டிஸ்க்கிலிருந்து தரவை மீட்பது எப்படி?

காப்பித் தோட்டக் கணக்குகள் இருந்த ஹார்டு டிஸ்க் கீழே விழுந்தபின் ‘டிக் டிக்’ என ஒலிக்கிறது என்றும், மலைக்காற்றின் அடர்த்திக் குறைவும் அதற்குக் காரணமா என்றும் ஏற்காட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தரவு காந்தப் பதிவாக இருப்பதும், தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்வதும் பலரும் அறிந்தவையே. என்னை என்றும் வியக்கவைப்பது, படிக்கும் முனை தட்டைத் தொடாமலே படிப்பதுதான். சுழலும் தட்டு தன்னை ஒட்டிய காற்றை இழுத்துச் செல்ல, அக்காற்று முனை பொருத்திய சிறு சில்லின் அடியில் புகுந்து நெருக்குண்டு அதை மேலே தூக்குகிறது. மேலிருந்து மெல்லிய வில் ஒன்று கீழே அழுத்துகிறது. இவ்விரு விசைகளும் சமமாகும் உயரத்தில் முனை மிதக்கிறது. அந்த இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். கடல்மட்டத்தில் ஒரு காற்று மூலக்கூறு மற்றொன்றில் மோதுமுன் சராசரியாகச் செல்லும் தொலைவே சுமார் 65 நானோமீட்டர் என்பதால், இந்த இடுக்கில் மூலக்கூறுகள் தமக்குள் மோதுவதைவிட இருபுறச் சுவர்களிலேயே மிகுதியாக மோதுகின்றன. முனை மிதப்பதைக் கணக்கிடும் சமன்பாட்டுக்கு வேர், எந்திர அச்சுகளின் மசகெண்ணெயைப் பற்றிப் பிரிட்டன் அறிவியலாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் வெளியிட்ட ஆய்வு. உடனடிப் பயன் என்னவென்று கேட்டு ஆய்வு நிதியை மறுப்போர் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏற்காட்டின் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 85 விழுக்காடு. ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகள் 3000 மீட்டர் வரை இயங்கும்படியே வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே மலையின் மீது பழி இல்லை. விழுந்த அதிர்ச்சியில் முனை சேதமடைந்திருக்கக்கூடும். தட்டில் இடங்காட்டும் பதிவுகளைப் படிக்க இயலாத முனையைச் சுமந்து, அதன் கை திரும்பத் திரும்பத் தேடித் திரும்புவதே அந்த ஒலி. மீண்டும் மின்சாரம் தர வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தீங்கானது; வெளியே எடுத்ததும் ஈரம் படியும்.

மீட்பு நிலையத்தில், தூசி வடிகட்டிய காற்றோட்டத்தில் டிஸ்க்கைத் திறந்து, அதே மாதிரி டிஸ்க் ஒன்றிலிருந்து எடுத்த முனைகளைப் பொருத்துகிறார்கள். சாதாரண மேசைமீது திறந்து பார்க்க யார் முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். அந்த இடைவெளிக்கு ஒரு தூசித் துகளே பாறை. பிறகு முழுத் தட்டையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, கோப்புகளை அந்த நகலிலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள். புது முனைகளும் எந்நேரமும் பழுதாகலாம் என்பதால் நல்ல பகுதிகளை முதலில் படித்து, கீறல் விழுந்தவற்றைக் கடைசிக்கு ஒதுக்குகிறார்கள். காந்தப் படலமே சுரண்டப்பட்ட இடத்திலிருந்த தரவை மட்டும் எந்த நிலையத்தாலும் மீட்க இயலாது.