ராத்திரி முழுக்க சார்ஜரில் கிடக்கும் பென்சில் செல்

போன வாரம் ஒரு அம்மா பிரஷர் பார்க்கிற மெஷினைக் கடைக்குக் கொண்டுவந்தார். "தம்பி, மெஷின் போயிடுச்சு போல. கையில காத்து ஏறும்போதே அணைஞ்சு போகுது" என்றார். பின்பக்க மூடியைத் திறந்தேன். நான்கு பென்சில் செல்கள் (ஏஏ அளவு), ரீசார்ஜ் வகை. ஒன்றின் மேலுறை சுருங்கி ஓரம் உரிந்திருந்தது. பிளஸ் முனையில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி. அது தொட்டுக்கொண்டிருந்த தகடு பச்சை ஏறிப்போயிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். மூன்று செல்கள் 1.27 வோல்ட்டுக்குப் பக்கத்தில். இந்த ஒன்று மட்டும் 0.4. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

"எப்படிம்மா சார்ஜ் போடுவீங்க?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி படுக்கும்போது போட்டுட்டு, காலையில வேலையெல்லாம் முடிச்சுட்டு எடுப்பேன். அப்பதானே முழுசா ஏறும்?"

இந்த மாதம் இதே கதையோடு வந்த நான்காவது ஆள் இவர். ஒருவர் குழந்தையின் ரிமோட் கார், ஒருவர் வயர்லெஸ் மவுஸ், ஒருவர் டார்ச் லைட். எல்லோரும் பொருள் கெட்டுவிட்டது என்றே வருகிறார்கள். ஒருவருக்கும் சார்ஜர்மேல் சந்தேகமே வரவில்லை. நல்லவேளையாக இந்த அம்மாவின் பையில் சார்ஜரும் இருந்தது. கேட்டு வாங்கிப் பிரித்தேன்.

மேலே 'ஸ்மார்ட்' என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், நான்கு டையோடு, இரண்டு ரெசிஸ்டர், இரண்டு சிவப்பு எல்இடி. அவ்வளவுதான். சார்ஜைக் கட்டுப்படுத்தும் சிப், அதாவது ஐசி, பெயருக்குக்கூட ஒன்று இல்லை. செல் நிறைந்துவிட்டதா என்று பார்க்க அதில் எதுவுமே கிடையாது. பிளக்கில் இருக்கும் வரை கரண்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த சிவப்பு விளக்குகூட 'செல் மாட்டியிருக்கிறது' என்றுதான் சொல்கிறது. ஏறிவிட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

'ராத்திரி முழுக்கப் போட்டால்தான் முழுசா ஏறும்' என்ற நினைப்பைத்தான் முதலில் விட வேண்டும். கணக்குப் போட்டே காட்டுகிறேன். அந்த சார்ஜரின் அடியில் 150 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. எம்ஏஹெச் என்பது செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு. காலியான 2000 எம்ஏஹெச் ஏஏ செல்லை நிரப்ப, வழியில் வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 2800 உள்ளே போக வேண்டும். அதாவது 18, 19 மணி நேரம். இரவு 10 மணிக்குப் போட்டு காலை 10 மணிக்கு எடுத்தால் முக்கால் பங்குகூட ஏறியிருக்காது. அதே சார்ஜரில் ரிமோட்டுக்குப் போடும் சின்ன ஏஏஏ செல், 800 எம்ஏஹெச், ஏழரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். மீதி நாலரை மணி நேரம் அதற்குள் போவதெல்லாம் வெறும் சூடு. அந்தச் செல் பாதி காலியாகும்போதே எடுத்துப் போட்டிருந்தால்? நாலு மணி நேரத்துக்குள் நிறைந்து, எட்டு மணி நேரம் சும்மா வெந்துகொண்டிருக்கும். ஒரே சார்ஜர், அதே 12 மணி நேரம்: ஒன்று அரைகுறை, ஒன்று வேக்காடு. கடிகாரத்தைப் பார்த்து சார்ஜ் போடவே முடியாது.

அந்த அம்மா வாரத்தில் இரண்டு மூன்று தடவைதான் பிரஷர் பார்ப்பார். அதற்கு இந்தச் செல்களில் ஒரு மூலைகூடக் காலியாகாது. நிறைந்திருந்த செல்லை வாரா வாரம் 12 மணி நேரம் போட்டிருக்கிறார். ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் இப்படியே போனால் செல் உள்ளுக்குள் காய்ந்து, அழுத்தம் கூடி, வால்வு வழியாகக் கசியும். அந்த வெள்ளைப் பொடி அதுதான். சாப்பாட்டுக் காரம் இல்லை, அரிக்கிற காரம், ஆல்கலி. அதை வெறுங்கையால் சுரண்டிவிட்டுக் கண்ணைக் கசக்காதீர்கள். பஞ்சு சுற்றிய குச்சியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் ஒரு தடவை துடைத்துக் காயவிட்டால் தகடு பெரும்பாலும் பிழைத்துவிடும்.

இன்னொரு சங்கதி. மட்டமான சார்ஜர்களில் செல்களை ஜோடியாகத்தான் போட வேண்டும். இரண்டு செல்லும் ஒரே வரிசையில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே கரண்ட். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் பழசு முதலில் நிறைந்து கஷ்டப்படும். புதிது இன்னும் பாதியில் நிற்கும். கடையில் சார்ஜர் வாங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்: ஒரே ஒரு செல்லை மட்டும் போட்டால் வேலை செய்கிறதா? ஒவ்வொரு குழிக்கும் தனி விளக்கோ தனி அளவோ இருக்கிறதா? நாலு குழிக்கு ரெண்டு விளக்கு என்றால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அடுத்து அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். 'மைனஸ் டெல்டா வி' என்று இருக்க வேண்டும். செல் நிறைந்ததும் அதன் வோல்ட்டேஜ் சில மில்லிவோல்ட் இறங்கும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் ஸ்மார்ட் என்பதற்கே அர்த்தம். கூடவே சூட்டைப் பார்க்கும் சென்சார், அதுவும் தவறினால் நிறுத்த ஒரு டைமர். கரண்ட் ஏஏ செல்லுக்கு 500 முதல் 1000 மில்லி ஆம்பியர், ஏஏஏ செல்லுக்கு 300 முதல் 500 வரை இருந்தால் நல்லது. மெதுவாக ஏற்றினால் செல்லுக்கு நல்லது என்று ரொம்பக் குறைவான கரண்ட்டைத் தேடிப் போகாதீர்கள். அவ்வளவு மெதுவாக ஏறும்போது அந்த மில்லிவோல்ட் இறக்கம் சார்ஜர் கண்ணில் படாமலே போய்விடும். கால் மணி நேரத்தில் ஏற்றித் தருகிற சார்ஜரும் வேண்டாம். சூட்டிலேயே செல்லின் ஆயுள் போய்விடும்.

வாங்கி வந்த பிறகு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நன்றாக ஏறிய செல்லை எடுத்து மறுபடி அதே குழியில் போடுங்கள். நல்ல சார்ஜர் சில நிமிடங்களில் 'நிறைந்துவிட்டது' என்று நிறுத்திக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்தும் ஏற்றிக்கொண்டே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நல்ல சார்ஜர் வாங்கியவர்களில் சிலர் அதைக் கெட்டது என்று தூக்கிக்கொண்டு வருவதும் உண்டு. "அண்ணே, பழைய சார்ஜர் எல்லா செல்லையும் எடுத்துச்சு, இது எடுக்கவே மாட்டேங்குது." எடுக்காததுதான் அதன் வேலை. செத்த செல்லை, தப்பிப் போட்ட சாதாரண ஆல்கலைன் செல்லை, அது வேண்டாம் என்று தள்ளுகிறது. விளக்கு மினுக்கினால் செல்லைச் சந்தேகப்படுங்கள். திரையில் எம்ஏஹெச் காட்டுகிற வகை கொஞ்சம் விலை கூட, ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான். 2000 போட்ட செல் 1100 காட்டுகிறதா, அதைக் கேமராவிலிருந்து எடுத்து ரிமோட்டுக்கு மாற்றிவிடலாம்.

செல் விஷயத்தில் அளவுக்கு மீறிய எண்ணை நம்பாதீர்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் ரீசார்ஜ் வகையான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல்லில் 2700, 2800-க்கு மேல் கொள்ளாது. 4000 என்று எழுதியிருந்தால் அது பொய். வீட்டு உபயோகத்துக்கு 2000 போதும், தானாக இறங்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள்; 2005-இல் சான்யோ கம்பெனி எனலூப் என்ற செல்லைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த வகை கிடைக்கிறது, ஒரு வருஷம் அலமாரியில் கிடந்தாலும் பெரும்பங்கு சார்ஜ் அப்படியே இருக்கும். சாதாரண செல் 1.5 வோல்ட், இது 1.2 தானே என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலான பொருள்கள் நன்றாகவே ஓடும். முழுசாகக் காலியாக்கித்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. இப்போது அப்படிச் செய்தால் கெடுதல்தான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏஏ செல் அளவிலேயே லித்தியம் செல்கள் வருகின்றன. 14500 என்று எழுதியிருப்பது 3.7 வோல்ட். யூஎஸ்பி ஓட்டையோடு வருவது 1.5 வோல்ட், ஆனால் அதன் வயிற்றிலும் லித்தியம்தான். குழியில் சரியாக உட்காருகிறது என்பதற்காக இவற்றை நிக்கல் சார்ஜரில் போடாதீர்கள். தீப்பிடிக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரண்டு வகையையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கவும் வேண்டாம்.

அப்புறம், சார்ஜரை மெத்தைமேல், ஃபிரிட்ஜ் தலையில், இன்வெர்ட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் மத்தியானம் அறைச் சூடு 40 டிகிரியை நெருங்கும். அப்போது விடியற்காலையில் போடுங்கள். ஏறி முடிகிற நேரத்தில் செல் கதகதப்பாக இருப்பது சகஜம். விரலை வைக்க முடியாத சூடு என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆறிய பிறகு தொடுங்கள். ஒன்றாக வாங்கிய நான்கையும் மார்க்கரால் ஒரே எழுத்துப் போட்டு, எப்போதும் ஒன்றாகவே பயன்படுத்துங்கள். செத்ததைக் குப்பையோடு எரிக்காதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

அந்த அம்மாவின் மெஷினில் தகட்டைத் துடைத்து, புதுச் செல் போட்டு, அங்கேயே உட்காரவைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்து அனுப்பினேன். இந்தத் தடவை அணையாமல் ஓடியது. நீங்களும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: செல் போட்டு ஓடும் எந்தப் பொருளைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தாலும், வீட்டில் பிளக்கில் மாட்டியிருக்கிற சார்ஜரையும் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.