‘சர்ப்ளஸ் பிளேஸ்’: கூடுதல் இடமா, மிஞ்சிய இடமா?

லண்டனில் எங்கள் வீட்டுக்கு வந்த தமிழ் அறிவிப்பொன்றில், ‘தொடக்கப் பள்ளிகளில் கூடுதல் இடங்கள் இருப்பதால் சில பள்ளிகளை மூடுவது குறித்து ஆலோசிக்கப்படுகிறது’ என்று இருந்தது. பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிச் செல்லும் யாழ்ப்பாணத்து மாமி ஒருவர் அதை இருமுறை படித்துவிட்டு, “கூட இடமிருக்கெண்டால் நல்லதுதானே, பிறகேன் தம்பி பூட்டுகினம்?” என்று கேட்டார். பிழை மாமியுடையதன்று. ஆங்கிலத்தில் ‘சர்ப்ளஸ் பிளேஸ்’ (surplus places) எனப்படுவதைக் ‘கூடுதல் இடங்கள்’ என்று மொழிபெயர்த்ததுதான் பிழை.

‘சர்ப்ளஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இலத்தீன் வழிச் சொல். தேவைக்கு மேல் எஞ்சியது என்பதே பொருள். ‘பிளேஸ்’ இங்கே அறையோ மேசையோ அன்று, ஒரு பிள்ளைக்கென்று கணக்கில் வைத்த இடம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012 இல் 7,29,674 குழந்தைகள் பிறந்தார்கள். 2023 இல் 5,91,072 தான். முப்பது பேருக்கான வகுப்பில் இருபத்திரண்டு பேர் இருந்தாலும் ஆசிரியர் சம்பளம் குறையாது. அரசின் பணமோ தலைக்கணக்கில்தான் வருகிறது. லண்டனின் ஹாக்னிப் பகுதியில் 2024 இல் டி பொவார், ரேண்டல் க்ரீமர் ஆகிய தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டதற்கு இந்தக் கணக்கே முதன்மைக் காரணம்.

‘கூடுதல் இடங்கள்’ என்றால் தமிழில் புதிதாகச் சேர்த்த இடங்கள். மருத்துவக் கல்லூரிக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன என்ற செய்தியைப் படித்து யாரும் கல்லூரியை மூடப்போகிறார்கள் என்று நினைப்பதில்லை. பந்தியில் முப்பது இலை போட்டு இருபத்திரண்டு பேர் உட்கார்ந்தால் எட்டு இலை மிஞ்சியது என்போமே தவிர, எட்டு இலை கூடுதலாகப் போட்டார்கள் என்போமா? ‘காலி இடங்கள்’ என்பாரும் உண்டு. அதுவும் பொருந்தாது, ஏனெனில் ஆண்டு நடுவில் குடிவரும் பிள்ளைகளுக்காகச் சில இடங்கள் காலியாக இருந்தே ஆகவேண்டும். அதற்கும் மேற்பட்டவையே சர்ப்ளஸ். ‘உபரி’ பொருளளவில் சரி, ‘மேல்’ என்று பொருள்படும் வடசொல்தான் அது. தமிழ்நாட்டுக் கல்வித் துறையில் ‘உபரி ஆசிரியர்’ என்பது வேரூன்றிய வழக்கு என்பதால் அங்குள்ளவருக்கு உடனே விளங்கும், ஆனால் மாமிக்கு விளங்காது. இலங்கைப் பொருளியல் எழுத்தில் வழங்கும் ‘மிகை’ நல்ல தமிழ்தான் என்றாலும், பேச்சுத்தமிழே பழகியவர் காதில் மிகைப்படுத்தல் என்றே விழும். ஆகவே ‘மிஞ்சிய இடங்கள்’ என்பதே என் தேர்வு. அறிவிப்பின் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ‘தேவைக்கு மிஞ்சிய இடங்கள்’ என்று விரித்தெழுதினால் போதும்.

அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, வாக்கியம் முழுவதும் என்ன சொல்கிறது என்று திரும்பிப் படிக்காத மொழிபெயர்ப்பாளர்களால்தான் இந்தத் தொல்லை. அதே அறிவிப்பின் மறுபக்கத்தில், ஒரு பள்ளியின் ‘சேர்க்கை எண் 60 இலிருந்து 30 ஆகக் குறைக்கப்படும்’ என்றும் இருந்தது. சேர்க்கை எண் என்பது பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதும் எண். அங்கே வேண்டியிருந்த சொல் ‘சேர்க்கை வரம்பு’.